புள்ளியக்கா போட்ட பன்னிரண்டு இன்ட்டு

ஒரு கேமராவுக்காக இத்தனை பேர் மல்லுக்கு நிற்பார்கள் என்று புள்ளியக்கா கனவிலும் நினைக்கவில்லை. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில்கூட இவ்வளவு ஏச்சுப் பேச்சு இருக்காது. அவள் தம்பியின் யூடியூப் சேனலில் அந்த ரிவ்யூ வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் அடியில் எண்ணூறு கமெண்ட். "நியாயமான சோதனை" என்று பாதிப் பேர், "அநியாயம், அக்கிரமம்" என்று மீதிப் பேர். நடுவில் ஒருவர் எந்தப் பக்கமும் சேராமல், "அந்த நடந்து வர்ற மாமா ரொம்ப அழகு" என்று எழுதியிருந்தார். அதை மட்டும் அக்கா நாலு தரம் படித்தாள்.

மற்றதைப் பாதியிலேயே மூடி வைத்தாள். அந்த எண்ணூறு பேருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். சோதனை நியாயமில்லைதான். கேமராவின் மேல் குற்றமில்லை, நடந்தவர் மேலும் குற்றமில்லை. எண்ணினவள் மேல்தான் குற்றம். எண்ணினவள் சாட்சாத் புள்ளியக்காவேதான்.

இருங்க, முதலிலிருந்து சொன்னால்தான் இது புரியும்.

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைப்பார்களே, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் ஒரு தாள், பெட்டியைத் திறந்ததும் நாம் எல்லோரும் கசக்கி எறிவோமே, அந்தத் தாளை அடிக்கிற அச்சகத்தில் அக்கா முப்பத்தோரு வருஷம் பிழை திருத்தினாள். ஒருநாள் காலை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஈரம் காயாத ஒரு தாளைக் கையில் எடுத்துப் பார்த்தவள், "நிறுத்துங்க!" என்று போட்ட சத்தத்தில் மானேஜர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். குழந்தைகளுக்கான இருமல் மருந்து. 2.5 மில்லி என்று இருக்க வேண்டிய இடத்தில் நடுவில் புள்ளி இல்லை. நாற்பதாயிரம் தாள் குப்பைக்குப் போயிற்று. அன்றைக்கு அவள் புள்ளியக்கா ஆனாள். பெற்றவர்கள் வைத்த பெயர் அதற்கப்புறம் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

அந்தப் பெயருக்குத் தகுந்த கோபமும் அவளுக்கு உண்டு. யாராவது விசேஷத்துக்குப் பத்திரிகை கொடுக்க வந்தால், அவள் கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்கிற மட்டும் நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். "தேதியும் கிழமையும் ஒத்து வரலியே, நாங்க எந்த நாள் வரணும்?" என்று கேட்டு ஒரு குடும்பத்தையே அழ வைத்தவள் அவள். தப்பு என்றால் தப்பு. தெரிஞ்சவங்க, வேண்டியவங்க என்கிற பேச்சே கிடையாது.

அவள் வீட்டுக்காரர் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்தவர். இருபத்தெட்டு வருஷம், ஒரு நாளைக்கு இருநூறு வீடு, எல்லாம் கால்நடைதான். மீட்டர்காரர் என்றால் நாலு தெருவுக்குத் தெரியும். வெயிலானாலும் மழையானாலும் ஒரே சீரான நடை. அவர் தங்கள் வாசலைத் தாண்டுகிற நேரத்தை வைத்துக் கடிகாரத்தில் மணி திருத்தியவர்கள் இருக்கிறார்கள். "ஓடுறவனுக்கு மூச்சு வாங்கும், நிக்கிறவனுக்கு ஊர்வம்பு வாங்கும், நடக்கிறவனுக்கு ஒண்ணும் வராது" என்பார். ஓய்வு பெற்ற பிறகும் அந்த நடைதான் அவருடைய சொத்து, பெருமை எல்லாம்.

அக்காவின் தம்பி கேமராக்களைச் சோதித்துச் சொல்கிறவன். படம் பிடித்துப் பிழைக்கிறவர்கள் வாங்குகிற பெரிய கேமராக்கள்தான் அவனிடம் வரும். அவற்றில் இப்போது ஒரு வித்தை இருக்கிறது. எதிரே ஆள் வந்தால் கேமரா தானாகவே அந்த ஆளின் கண்ணைத் தேடிப் பிடித்து, ஆள் நகர நகர அந்தக் கண்ணை விடாமல் ஃபோகஸ் செய்துகொண்டே இருக்குமாம். இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தம்பி ஒரு சோதனை வைத்திருந்தான். வாடகைக்கு எடுத்த பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றில் தரையில் நீளமாக ஒரு மஞ்சள் டேப் ஒட்டியிருந்தான். மாமா, அதாவது மீட்டர்காரர், அந்தக் கோடியிலிருந்து கேமராவைப் பார்த்து நடந்து வருவார். ஒரு நடைக்கு இருபது படம். அது ஒரு சுற்று. பத்துச் சுற்றுக்கு இருநூறு படம். ஒவ்வொரு சுற்றும் முடிந்த கையோடு அக்கா லேப்டாப்பில் படங்களைப் பெரிதாக்கி, இமை முடி தனித்தனியாகத் தெரிந்தால் டிக், குழம்பியிருந்தால் இன்ட்டு போடுவாள்.

"உலகத்துல எவன்கிட்டயும் இப்படி ஒரு டீம் கிடையாது. தப்பாத நடை, தப்பாத கண்ணு. நான் சும்மா பட்டனை அமுக்குறவன்தான்" என்று தம்பி சேனலில் பீற்றிக்கொள்வான்.

அதோடு ஒரு விதியும் வைத்திருந்தான். முதல் மூன்று சுற்றில், அதாவது அறுபது படத்தில், பதினைந்துக்கு மேல் இன்ட்டு விழுந்தால் கேமரா தேறவில்லை என்று அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தேறாத கேமராவுக்காக மாமாவை வீணாக நடக்க வைப்பானேன் என்று நல்ல எண்ணத்தில் வைத்த விதிதான். அந்த நல்ல எண்ணம்தான் எல்லாரையும் குழியில் தள்ளியது.

நாலு மாதமாகவே மீட்டர்காரருக்கு இடது இடுப்பில் வலி. அவர் சொல்லவில்லை, சொல்லுவாரா? வீட்டில் நடக்கும்போது அவர் காலை எப்படி வைப்பார், எந்த இடத்தில் கையூன்றுவார் என்பதெல்லாம் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. நடையில் ஒரு பிசிறு தெரியாது. ஆனால் அக்கா பார்த்தது நடையை இல்லை. திரை முழுக்கப் பெரிதாக்கிய கண்ணை. இடது கால் தரையில் படுகிற படத்திலெல்லாம் அந்தக் கண்ணின் ஓரம் சுருங்கியது. வலது கால் படுகிற படத்தில் விரிந்தது. சுருக்கம், விரிவு, சுருக்கம், விரிவு. கட்டிக்கொண்டு முப்பத்தாறு வருஷமாகப் பக்கத்தில் இருந்து பார்த்துத் தெரியாத சங்கதி, கேமரா வழியாகத் தெரிந்தது.

இரண்டு தரம் கேட்டுப் பார்த்தாள். முதல் தரம், "கால் இருக்கிறவனுக்குக் கால் வலிக்கத்தான் செய்யும்" என்று சிரித்து மழுப்பினார். இரண்டாம் தரம் எரிந்து விழுந்தார். "என்னையும் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில போட்டு, சக்கர நாற்காலியில உட்கார வச்சுப் பாக்கணும்னு ஆசையா உனக்கு?" அவரோடு வேலை பார்த்த ஒருவர் இடுப்பு வலி என்று போனவர்தான், அதற்கப்புறம் எழுந்து நடக்கவேயில்லை. மீட்டர்காரர் அவரைப் பார்க்கப் போய்விட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அந்தப் பயம் அடிமனசில் கல் மாதிரி கிடந்தது. அக்கா அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

இந்தக் கேமரா சோதனைக்கு வந்த அன்றைக்கு அவருக்கு வலி ரொம்ப அதிகம். முதல் சுற்றில் அக்கா நேர்மையாக எண்ணினாள், இரண்டு இன்ட்டு. இரண்டாவது சுற்றில் பார்த்தாள், கண்ணோரச் சுருக்கம் விரியவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிறார் மனுஷன்! இன்னும் எட்டுச் சுற்று பாக்கி. எழுந்து போய் "போதும், உட்காருங்க" என்றால் தம்பி முன்னால் அவமானப்படுத்தினாய் என்று ஒரு மாதம் பேச மாட்டார். அவள் கை தானாக ஒரு நல்ல படத்துக்கு இன்ட்டு போட்டது. அப்புறம் இன்னொன்று. அந்தச் சுற்றில் நிஜமான தப்பு ஒன்று, அவள் போட்ட தப்பு நாலு. மூன்றாவது சுற்றில் நிஜம் இரண்டு, அவள் போட்டது எட்டு. ஆக மொத்தம் பதினேழு.

"பதினேழா! அடப்பாவி, இவ்வளவு பெரிய கேமரா இப்படிக் கவுந்துடுச்சே" என்றான் தம்பி. "மாமா, போதும். வந்து உட்காருங்க."

மீட்டர்காரர் வந்து உட்கார்ந்தார். அப்பாடா என்று அவர் விட்ட மூச்சு அக்காவுக்கு மட்டும் கேட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு இரும்புப் பெட்டிக்கு வலிக்கவா போகிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பெட்டிக்கு வலிக்காது. அதை வாங்கி வைத்திருக்கிறவர்களுக்கு வலிக்குமே!

அப்படி வலித்தவர்களில் ஒருத்தி, பத்திரிகைகளுக்கு ஓட்டப்பந்தயப் படம் எடுக்கிற பெண். "நான் ஆறு மாசமா இதே கேமராவ வச்சிருக்கேன். தலைதெறிக்க ஓடி வர்றவங்களையே இது விடாது. நிதானமா நடந்து வர்றவரை அறுபதுக்குப் பதினேழு தடவை விட்டுடுச்சுன்னா நம்புற மாதிரி இல்லையே" என்று மரியாதையாகத்தான் எழுதினாள். அதற்குத் தம்பியின் ரசிகர்கள் அவளைப் போட்டுப் புரட்டி எடுத்தார்கள். உனக்குப் படம் எடுக்கத் தெரியுமா, கம்பெனியிடம் எவ்வளவு வாங்கினாய், இன்னும் என்னென்னவோ. அவள் அசரவில்லை. "அறுபது படத்தையும் அனுப்புங்க, நானும் எண்ணிப் பாக்கறேன்" என்றாள். எங்களிடம் ஒளிவு மறைவே கிடையாது என்று தினமும் மார்தட்டுகிற தம்பி, அனுப்பாமல் இருப்பானா? அனுப்பினான். மறுநாள் ஒரே வரியில் பதில் வந்தது. "நான் எண்ணினதுல அஞ்சுதான் தப்பு. மீதி எந்தப் பன்னிரண்டு?"

தம்பி அதைப் படித்துவிட்டு அக்காவுக்கு போன் போட்டான். "திமிரப் பாத்தியாக்கா? உன் கண்ணுக்கே கணக்குச் சொல்றா. நாளைக்குக் காலைல பதினோரு மணிக்குக் கிட்டங்கிக்கு வரச் சொல்லிட்டேன். நேருக்கு நேர் பேசிட்டு, சாயங்காலம் பதில் வீடியோ போடுறேன். கம்பெனிகிட்ட ஓசில கேமரா வாங்கிட்டு இவ கத்துறான்னு புட்டுப் புட்டு வைக்கிறேன். நீ வந்து உட்காரு, போதும்."

"அவ ஓசிலதான் வாங்கினான்னு உனக்குத் தெரியுமாடா?"

"அதெல்லாம் தெரிஞ்சுதான் ஆகணுமா? உன் கண்ணு தப்பாது. அப்ப அவ சொல்றது பொய். பொய் சொல்றவ சும்மாவா சொல்வா?"

 இப்போதே சொல்லிவிடலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான். ஏன் என்றால் மாமாவின் காலைச் சொல்ல வேண்டும். நாலு மாதமாக அந்த மனுஷன் பல்லைக் கடித்து மூடி வைத்திருப்பதை அவள் சந்தியில் போட்டு உடைக்க வேண்டும். சொல்லாவிட்டால் ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணை, உண்மையைத் தவிர வேறு ஒன்றும் சொல்லாதவளை, காசுக்கு விலைபோனவள் என்று தம்பி ஊரறியச் சொல்லுவான். ஒரு புள்ளிக்காக நாற்பதாயிரம் தாளைக் குப்பையில் போட்டவள், பன்னிரண்டு இன்ட்டுக்கு வாயை மூடிக்கொண்டு இருப்பதா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. அன்றைக்கு அவள் வைத்த காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்தது. மீட்டர்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, "புள்ளியக்கா கண்ணுக்கு உப்பும் சர்க்கரையும் ஒண்ணாத் தெரியுது போல" என்று கிண்டல் செய்தார்.

மறுநாள் சரியாகப் பதினோரு மணிக்கு அந்தப் பெண் வந்துவிட்டாள். முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும். வெயிலில் நின்று நின்று கறுத்த முகம். தோளில் அதே கேமரா, மூலையெல்லாம் பெயின்ட் உரிந்து. ஓசியில் வந்தது அந்தப் பாடு படாது என்று அக்காவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

தம்பி நாற்காலி போட்டான், தண்ணீர் கொடுத்தான், சண்டையும் உடனே ஆரம்பித்தான். "பரீட்சைன்னா எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள்தான். அதே மாமா, அதே கோடு, அதே வெளிச்சம், அதே அக்கா. போன கேமரா இருநூறுக்கு நூத்தி எண்பத்து நாலு எடுத்துச்சு. உங்க கேமரா கவுந்துடுச்சு. இதுல எங்க அநியாயம்?"

"கேள்வித்தாள் சரிதாங்க. திருத்துனதுலதான் எனக்குச் சந்தேகம்" என்றாள் அந்தப் பெண். "பன்னிரண்டு படத்துல இமை முடி அப்படியே தெரியுது. வாங்க, சேர்ந்தே பாப்போம்."

"எங்க அக்கா பாத்ததுக்கப்புறம் நான் பாக்கிற வழக்கமில்ல."

"தான் பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நின்னா எப்படிங்க? நாலாவது கால் கண்ணெதிர இருக்கே."

இதைக் கேட்டதும் மீட்டர்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் அதுவரை சுவரோரம் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். "இந்தாம்மா, என் நடையப் பத்தி என்ன வேணா சொல்லு. என் பொண்டாட்டி கண்ணைப் பத்திப் பேசாத. முப்பத்தோரு வருஷம் ஒரு எழுத்து தப்ப விட்டவ இல்ல அவ. அவ இன்ட்டு போட்டா அது இன்ட்டுதான். பொய்ங்கிறது அவ கைக்கு வராது."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பாவி மனுஷா, திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாமே என்று இருந்தது.

"நான் பொய்னு சொல்லலங்க ஐயா" என்று அந்தப் பெண் இறங்கி வந்தாள். "கை தவறியிருக்கலாம்ல? யானைக்கும் அடி சறுக்கும்."

"சறுக்காது. பேசி என்ன பிரயோசனம்?" மீட்டர்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். எழுந்திருக்கும்போது கண்ணோரம் சுருங்கியது. "மாப்ளே, கேமராவ வை. இப்பவே நடக்கிறேன். மூணு சுத்து இல்ல, பத்துச் சுத்தும் நடக்கிறேன். இந்தப் பொண்ணு பக்கத்துல இருந்து எண்ணட்டும். வேணும்னா இருபது சுத்து நடக்கிறேன்!"

"சபாஷ் மாமா!" என்று தம்பி கேமராவைத் தூக்கிவிட்டான்.

எந்த நடையை நிறுத்த அவள் பொய்க் கணக்குப் போட்டாளோ, அந்த நடை இப்போது இரண்டு மடங்காக அவர் தலையில் விழப்போகிறது. அவர் மஞ்சள் கோட்டைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோடியை நோக்கிப் போக ஆரம்பித்துவிட்டார். நாலாவது அடியில் அக்கா கத்தினாள்.

"நிறுத்துங்க!"

அச்சகத்தில் போட்ட அதே சத்தம். மூன்று பேரும் திரும்பினார்கள்.

"அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி. பன்னிரண்டும் நல்ல படம். தெரிஞ்சேதான் இன்ட்டு போட்டேன்."

தம்பி கேமராவைக் கீழே வைத்தான். "என்னக்கா உளர்றே? உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்கு நல்லாத்தான் இருக்கு. உங்க மாமாவுக்குத்தான் இல்ல." சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நிற்கவில்லை, கொட்டித் தீர்த்தாள். "நாலு மாசமா இடுப்பு வலி. நடை காட்டிக் கொடுக்காது, கண்ணு காட்டிக் கொடுக்குது. நீ கண்ணை மட்டும் பாருன்னு சொல்லித்தானே என்னை உட்கார வச்சே? பாத்தேன். அன்னிக்கு அவரால நிக்கவே முடியல. பதினஞ்சு தாண்டினா நீ நிறுத்துவே. அதான் போட்டேன். தப்புதான். என் பேரச் சொல்லியே வீடியோ போடு. புள்ளியக்கா வேணும்னே தப்பா எண்ணினான்னு சொல்லு. காரணம் மட்டும் சொல்லாத. இந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளு, நானும் கேக்கறேன். மன்னிச்சுக்கம்மா."

அந்தப் பெண் கேமராப் பட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள். "பரவாயில்லங்கம்மா" என்று இரண்டு தரம் சொன்னாள். தம்பி மட்டும் குதித்தான். "என் மானத்தையே வாங்கிட்டியேக்கா! எண்ணூறு பேர் கூட நான் மல்லுக்கு நின்னேனே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே மூட்டை கட்டியிருப்பேனே!" கத்திக்கொண்டே போனவன் மாமாவைப் பார்த்ததும் அடங்கிவிட்டான்.

மீட்டர்காரர் கோட்டின் நடுவிலேயே நின்றார். முகம் சிவந்திருந்தது. "யாருக்கு வலி? எனக்கா? யார் சொன்னது?" என்றார்.  திரும்பி வந்து பெட்டியில் உட்கார்ந்தார். இத்தனை நாள் மறைத்து மறைத்து உட்கார்ந்த மாதிரி இல்லை. இரண்டு கையையும் ஊன்றி, இடது காலை நீட்டி, மெதுவாக உட்கார்ந்தார்.

"மறுபடி எடுத்துத்தான் ஆகணும்" என்று தம்பி முனகினான். "தப்பாச் சொன்னதைச் சரியா எடுத்துப் போட்டாதான் ஒத்துக்குவாங்க. யாரு நடக்கிறது?"

"நான் நடக்கிறேன்" என்றாள் அக்கா.

"உன் நடை வாத்து நடையாச்சே."

"வாத்துக்கும் கண்ணு இருக்குல்ல? கேமரா கண்டுபிடிக்கட்டும்."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "அப்ப நூத்தி எண்பத்து நாலு எடுத்த அந்தப் பழைய கேமராவுக்கும் அம்மாதான் நடக்கணும். இல்லேன்னா அதுக்கு இது அநியாயம்" என்றாள். அக்காவுக்கு அவளை அந்த நிமிஷமே ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"எண்ணுறது யாரு?" என்றான் தம்பி.

"நான்" என்றார் மீட்டர்காரர், யார் முகத்தையும் பார்க்காமல். "இவ இனிமே எண்ணக் கூடாது. இவ கணக்கு நாறிப் போச்சு."

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். அக்கா செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போனாள். கேமராவுக்கு ஒரு பக்கத்தில் மேஜை, மேஜையில் லேப்டாப், அதன் முன்னால் பெட்டி மேல் அவர், நீட்டிய காலோடு. தம்பி தலையை ஆட்டினதும் அவள் நடக்க ஆரம்பித்தாள். படபடவென்று கேமரா ஓசை. இத்தனை வருஷம் உட்கார்ந்து பார்த்தவளுக்கு, அந்தக் கண்ணாடி எதிரே நடப்பது எவ்வளவு கூச்சம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாத்து நடைதான். கோடு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

முதல் சுற்று முடிந்தது. மீட்டர்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இருபது படத்தையும் ரீடிங் எடுக்கிற மாதிரி ஒன்று ஒன்றாகப் பார்த்தார். "ரெண்டு இன்ட்டு" என்றார். படக்காரப் பெண் பின்னால் நின்று, "ஆமாங்க, ரெண்டுதான்" என்றாள்.

"ஒண்ணுகூட விட்டுக்கொடுக்க மாட்டீங்களா?" என்று அக்கா பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள்.

"விட்டுக்கொடுக்கிறது உன் டிபார்ட்மென்ட்."

இரண்டாவது சுற்றில் ஒன்று. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. அறுபதுக்கு மூன்று. கேமரா தேறிவிட்டது என்று தம்பி அசடு வழிய ஒத்துக்கொண்டான். நான்காவது சுற்றில் மீட்டர்காரர் எண்ணிக்கையைச் சொல்ல நேரமாயிற்று. ஐந்தாவதில் இன்னும் நேரமாயிற்று. ஏழாவது சுற்றில் அவர் அடுத்த படத்துக்குப் போவதும் பழைய படத்துக்குத் திரும்புவதுமாக இருந்தார். தம்பி அவசரப்படுத்தினதற்கு, "இருடா" என்றார். குரலில் கோபம் இல்லை. வேறு என்னவோ இருந்தது. இன்னும் என்ன கண்டுபிடித்துவிட்டாரோ என்று அக்கா அந்தக் கோடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பத்தாவது சுற்று முடிந்து அவள் மூச்சு வாங்க நின்றபோது, அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கூப்பிட்டார்.

"இங்க வா."

வந்தாள். திரை முழுக்க அவளுடைய கண். தன் கண்ணை அவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததே இல்லை. சுருக்கம், கண்மை கலைந்த ஓரம், எல்லாம் தெரிந்தது.

"என்ன, ஃபோகஸ் போயிடுச்சா?"

"போகல. இமை முடிய எண்ணலாம்."

"அப்ப டிக் போடுங்க. எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"நீ எதைப் பாக்குறே இதுல?"

அக்கா குனிந்து பார்த்தாள். படத்தில் அவள் கண் கேமராவைப் பார்க்கவில்லை. கீழே, கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தது. அவர் அடுத்த படத்தைத் தட்டினார். அதிலும் அப்படித்தான். இன்னொன்று. இன்னொன்று. அவள் கோட்டின் எந்த இடத்தில் இருந்தாலும் கருவிழி அதே பக்கம், அதே மூலைக்குத்தான் போயிருந்தது.

"அங்க என்ன இருக்குன்னு மூணு சுத்தா யோசிச்சேன்" என்றார் மீட்டர்காரர். "என் காலுதான் இருக்கு. இருநூறு படத்துலயும் நீ என் காலைத்தான் பாத்துட்டு வர்றே."

"இல்லியே. நான் கேமராவப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"ஃபோகஸ் சரியா இருக்கும்மா. பொய் சொல்ல முடியாது."

 மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அக்காவுக்கு நாலு மாதமாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் பொங்கிக்கொண்டு வந்தது. தம்பி இருக்கிறான், முன்பின் தெரியாத பெண் ஒருத்தி இருக்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பெண் சத்தமில்லாமல் ஒரு நாற்காலியை அவளுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தாள்.

மீட்டர்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் படத்துக்கு டிக் போட்டார். "மொத்தம் ஒன்பது இன்ட்டு மாப்ளே, இருநூறுக்கு. எழுதிக்க. சாயங்காலம் வீடியோ போடும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லிடு. அவ மேல மட்டும் பழியப் போடாத."

"என்னன்னு மாமா சொல்றது?"

"மாமாவுக்கு இடுப்பு வலி, மறைச்சான், அவ கண்டுபிடிச்சுட்டான்னு சொல்லு. பழைய கேமராவ நாளைக்கு வைக்காத, அவ வர மாட்டா." அவர் மேஜையைப் பிடித்து எழுந்து, அப்புறம் மேஜையை விட்டுவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்குக் காலைல நாங்க டாக்டர்கிட்ட போறோம்."